டாக்டர் இல்லாத கதை

மனைவி தாணம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகள் அஞ்சலி பெங்களூருக்கு ரயிலேறிய மறுநாள் காலையில் ஜெரிஷ் போன் செய்தான். டயாலிசிஸ் பிரிவில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அவன்.

"சாரே, அம்மாவுக்க கம்பிளியும் ஒரு புக்கும் இங்க லாக்கர்ல கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போறியளா? அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா வாங்க."

அவசரம் இல்லையென்றால் 'ஆனா வாங்க' எதற்கு என்று அய்யம்பெருமாளுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. இரண்டரை வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஒழுகினசேரியிலிருந்து ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் வைத்துக் கொண்டுபோய் விட்ட வழக்கத்தில், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கால் தானாகச் செருப்பைத் தேடியது.

உள்ளே அவர் போனதே கிடையாது. நோயாளியோடு வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவு வரைதான் அனுமதி. அவள் உள்ளே போவாள், எடை பார்ப்பார்கள், கையில் இரண்டு ஊசி குத்துவார்கள், நான்கு மணி நேரம் ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பி வரும். இவர் வெளியே இரும்பு நாற்காலியில் பேப்பர் வாசிப்பார். கோட்டாறு வரை நடந்து போய் ஒரு டீ குடிப்பார். அவள் வெளியே வந்ததும், "என்ன நடந்தது?" என்பார். "என்ன நடக்கும், ரத்தம் சுத்திச்சு" என்பாள். அவ்வளவுதான்.

அவளுக்குக் கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். வேறு புத்தகம் இல்லை, இன்ஸ்பெக்டர் கார்சைடு புத்தகம். இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர், அங்கே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். ஒன்றரை வருஷத்துக்கு ஒரு கொலை, அதற்கு ஒரு நாவல். எழுதுகிற அம்மாளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டதாம், இன்னும் எழுதுகிறாள். தாணம்மாள் ஷார்ட்ஹேண்ட் படிக்கிற காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய புத்தகக்காரனிடம் முதல் புத்தகம் வாங்கினாள். ஸ்டெனோகிராபராக வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ரிட்டயராகி, கிட்னி கெட்டுப்போகிற வரைக்கும் ஒன்று விடாமல் வாங்கினாள். முப்பத்தொரு புத்தகம் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க நின்றன. "அந்த மனுஷனுக்கு மட்டும் வயசே ஆகமாட்டேங்கு, பாருங்க. நம்ம கல்யாணத்தப்போ அவருக்கு நாப்பது. இப்போ எனக்கு அறுபத்தொண்ணு. அவருக்கு அம்பத்தஞ்சு."

அய்யம்பெருமாள் ஒரு புத்தகத்தைக்கூட வாசித்ததில்லை. ஆனால் கேலி செய்வதற்குக் குறைவில்லை. "அந்த ஆளு இத்தனை ஊரு சுத்துகானே, ஒரு டி.ஏ. பில்லாவது போட்டானா? சாட்சியை விசாரிச்சிட்டு நேரா டீ குடிக்கப் போறானே, கேஸ் டைரியை யாரு எழுதுவா, அவனுக்க மாமனாரா?" அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவாள்.

அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. இருபத்தேழு வருஷம் அவர் ஸ்டேஷன் ரைட்டர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். எழுதுவது, சாட்சிகளின் வாக்குமூலம் எழுதுவது, நாட்குறிப்பில் மணியைப் பதிவது, இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்ததை இன்ஸ்பெக்டர் சொல்வதுபோல எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவது இதெல்லாம் ரைட்டர் வேலை. மாவட்டத்தில் ஆறு ஸ்டேஷன்களில் அவருடைய கையெழுத்தில் கட்டுக்கட்டாக வழக்குகள் கிடக்கின்றன. அவராக ஒரு கோழித் திருடனைக்கூடப் பிடித்தது கிடையாது.

அன்றைக்கு ஜெரிஷ் கண்ணாடிக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க சாரே, மாஸ்க் மட்டும் போட்டுக்கிடுங்க" என்றான்.

நான்கு கட்டில். ஒன்று காலியாக, புது விரிப்பு போட்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் அடுத்த கட்டிலைப் பார்த்தார். அதில் வெள்ளைத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்த, ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். கோட்டாற்றுக்காரி, பெயர் சித்தி ஆயிஷா. சர்க்கரை வியாதியில் பார்வை பாதி போய்விட்டது என்று தாணம்மாள் எப்போதோ சொல்லியிருந்தாள்.

"யாரு ஜெரிஷே?"

"அம்மாவுக்க சாரு."

ஆயிஷா எழுந்து உட்காரப் பார்த்தாள். ஊசி குத்திய கை இடம் கொடுக்கவில்லை. "அல்லாவே! இன்ஸ்பெக்டர் சாரா? எட்டி அஸ்வதி, இன்ஸ்பெக்டர் சார் வந்திருக்காவ!"

எதிர்க் கட்டிலில் காதில் ஹெட்போனோடு படுத்திருந்த இளம்பெண் அதைக் கழற்றினாள். கொட்டாரத்திலிருந்து வருகிற பள்ளிக்கூட டீச்சர். ஜன்னலோரக் கட்டிலில் முட்டத்து மீன்காரர் ஏசுஅடிமை, கறுத்து வற்றிய உடம்போடு தலையைத் தூக்கிக் கும்பிட்டார். "சாரே, அந்தத் திங்கள்சந்தை நகைக்கடைக் கேஸ்ல சாவியைச் சோத்துப் பானைக்குள்ள இருந்து எடுத்தியளே, என்ன மூளை சாரே அது!"

அய்யம்பெருமாள் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

மெல்ல மெல்லத்தான் விஷயம் விளங்கியது. நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு அவள் கதை சொல்லியிருக்கிறாள். புத்தகத்தை முதல் நாள் வீட்டில் வாசிப்பாள். மறுநாள் இங்கே தமிழில் சொல்வாள். இங்கிலாந்துப் பனியெல்லாம் இவர்களுக்கு எதற்கு? கடற்கரை ஊர் முட்டமாகிவிட்டது, சந்தை திங்கள்சந்தையாகிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு பெயர் வேண்டுமே. முதல் கதையில் அய்யம்பெருமாள் என்று சொல்லி வைத்தாளாம். "உங்க வீட்டுக்காரரா?" என்று ஆயிஷா கேட்டிருக்கிறாள். இவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்திருக்கிறாள். அப்படியே பதினெட்டு வழக்கு.

"சொல்லுங்க சாரே," என்றாள் ஆயிஷா. "ஐஸ் கம்பெனி வாட்ச்மேனைக் கொன்னது யாரு?"

"எது?"

"முட்டத்துக் கேஸு. சனிக்கிழமை பாதியில வெச்சிட்டு, மீதி செவ்வாய்க்கிழமைன்னு சொல்லிட்டுப் போனாவ. திங்கக்கிழமை..." அவள் நிறுத்தினாள். "எனக்கு அடுத்த மாசம் நாலாம் தேதி கொச்சியில ஆபரேஷன். தங்கச்சி கிட்னி தருகா. அந்த டேபிள்ல ஏறிப் படுக்கும்போ மனசுல இந்த வாட்ச்மேன் கெடக்கக் கூடாது, கேட்டியளா? யாருன்னு சொல்லிருங்க. உங்களுக்குத் தெரியாமலா?"

தான் வெறும் ரைட்டர் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இருபத்தேழு வருஷத்தில் ஆயிரம் பேரிடம் சொன்ன பதில்தான் வந்தது: "கேஸ் கட்டைப் பாத்துட்டுச் சொல்லுகேன்."

கம்பளியையும் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். வரிசையில் பத்தொன்பதாவது புத்தகம். அட்டையில் பாறை, அதன் மேல் கலங்கரை விளக்கம். உள்ளே எந்தக் குறிப்பும் இல்லை, பென்சில் கோடு இல்லை, அடையாளத்துக்கு ஒரு பேப்பர்த் துண்டுகூட இல்லை. புத்தகத்தில் எழுதுவது அவளுக்குப் பிடிக்காது.

அஞ்சலி பள்ளியில் வைத்திருந்த டிக்‌ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட் இங்கிலீஷ். காயத்தின் நீள அகலம் எல்லாம் புரிந்தது. வானத்தைப் பற்றி எழுதியிருந்தது புரியவில்லை. வானத்தைத் தாண்டித் தாண்டிப் போனார். முதல் நாள் ஏழு பக்கம். இரண்டாம் நாள் பதினைந்து. மூன்றாம் நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்து, கேஸ் நாற்றம் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

அவர் நினைத்திருந்தது வேறு. துப்பாக்கி, துரத்தல், கடைசியில் விலங்கு என்று நினைத்திருந்தார். கார்சைடு அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் உட்காருகிறான். அந்த வீட்டுக்காரி கேக் கொடுக்கிறாள். கேக் காய்ந்துபோயிருக்கிறது. வீட்டில் யாரும் வந்து ரொம்ப நாளாயிற்று என்று அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு கேள்வி கேட்கிறான். அவள் வேறு எதையோ சொல்கிறாள். அதையும் கேட்டுக்கொள்கிறான். அவசரமே கிடையாது. நம் இன்ஸ்பெக்டர்மார் 'விஷயத்துக்கு வாவே' என்று மேஜையைத் தட்டுகிற இடத்தில் எல்லாம் அவன் இன்னொரு கப் டீ வாங்கிக்கொள்கிறான். வானத்தைப் பற்றிய பத்திகளுக்கும் அய்யம்பெருமாள் திரும்பிப் போனார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது அதில்தான் இருந்தது.

பத்தாம் நாள் முடித்தார். ஐஸ் தொழிற்சாலை வாட்ச்மேனைக் கொன்றது டாக்டர் மெரிக். ஊரே கும்பிடுகிற குடும்ப டாக்டர். வாட்ச்மேனுக்கு அவர் மேல் நம்பிக்கை. கையை நீட்டு என்றால் நீட்டுவான். நீட்டினான். மூன்று பக்கத்துக்கு அந்த ஊசி போகிறது. அப்புறம் உடம்பைப் பாறையில் தள்ளிவிடுகிறார். டாக்டர் மாட்டிக்கொண்டது ஒரு வாக்கியத்தில். தகவல் கிடைத்து, காலை ஐந்து மணிக்குத்தான் அங்கே வந்ததாகவும், அப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்ததாகவும் சொல்கிறார். ஆனால் அன்றைக்குக் கரண்ட் போய், நான்கு மணிக்கே கலங்கரை விளக்கம் அணைந்துவிட்டது. எரிகிற விளக்கைப் பார்த்திருக்கிறார் என்றால் நான்குக்கு முன்னாலேயே அங்கே இருந்திருக்கிறார்.

"அடப் பாவி," என்று அய்யம்பெருமாள் வாய்விட்டுச் சொன்னார். சொல்ல ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை மாஸ்க் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மூன்று தலைகள் திரும்பின.

"டாக்டர்தான்," என்றார்.

"எந்த டாக்டர்?" என்றாள் ஆயிஷா.

"கதையில வருகாருல்லா, அந்த டாக்டர்."

"கதையில டாக்டரே கிடையாதே!"

"வாட்ச்மேனுக்கு வைத்தியம் பாத்தாரே..."

"அவன் கல்லு மாதிரி இருந்த ஆளாக்கும் சாரே," என்றார் ஏசுஅடிமை. "அவனுக்கு எதுக்கு வைத்தியம்? தலையில அடிச்சுக் கீழ தள்ளினது."

"நீங்க மறந்திருப்பியோ."

"நான் மறப்பனா?" ஆயிஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குக் கண்ணுதான் மங்கல், காது இல்ல. வாட்ச்மேன், அவனுக்க தம்பி, ஐஸ் கம்பெனி முதலாளி, முதலாளிக்க கொழுந்தியா, அப்புறம் நீங்க. டாக்டருமில்ல, நர்ஸுமில்ல. சாரே, நீங்களே பிடிச்ச கேஸு உங்களுக்கே மறந்துபோச்சா?"

ஜெரிஷ் அவரை வெளியே கூட்டி வந்து தண்ணீர் கொடுத்தான்.

அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அய்யம்பெருமாள் யோசித்தார். இவர்களிடம் இருப்பது வேறு வழக்கு. புத்தகத்தின் முடிவு இங்கே செல்லாது. தாணம்மாள் சொன்ன கதையின் முடிவு தாணம்மாளோடு போய்விட்டது. அவள் மனதில் யாரைக் கொலைகாரனாக வைத்திருந்தாள்? நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் ஆசை, பசி மாதிரி, வந்தது.

சாட்சிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அப்படியென்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

வியாழக்கிழமை ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு வந்தார். ஜெரிஷ் ஒவ்வொரு கட்டிலுக்கும் கால் மணி நேரம் அனுமதித்தான். அந்தக் காலத்தில் இதற்கு, சட்டப் பிரிவின் எண்ணால், நூற்று அறுபத்தொன்று வாக்குமூலம் என்று பெயர். இப்போது சட்டம் மாறி நூற்று எண்பதாகிவிட்டது. எண் எதுவானாலும் எழுத்து ஒன்றுதான். 'நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்' என்று ஆரம்பித்தார்.

"குடியிருக்கதெல்லாம் எதுக்கு? அது உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஆயிஷா.

"வழக்கம். சொல்லுங்க. முதல் நாள் என்ன சொன்னா?"

"எல்லாமா?"

"எல்லாம். அவ நிறுத்தின இடம், தண்ணி கேட்ட இடம், சிரிச்ச இடம் எல்லாம்."

ஆயிஷா சொன்னாள். காட்சி காட்சியாகச் சொன்னாள். பாறையில் கிடந்த பிரேதத்தின் லுங்கி என்ன நிறம் என்பதுவரை சொன்னாள். இரண்டு தாள் தீர்ந்தது. "கையெழுத்துப் போடணுமா?"

"வேண்டாம். இதுக்குக் கையெழுத்து கிடையாது."

"அப்போ நான் சொல்லல்லன்னு பிறகு மாத்திச் சொல்லலாமா?"

"சொல்லலாம். நிறையப் பேரு சொல்லுவாவ."

ஏசுஅடிமையின் வாக்குமூலம் பாதிக்கு மேல் ஆட்சேபணை. "தாணம்மாக்கா நல்லாத்தான் சொல்லுவாவ. ஆனா முட்டத்தைப் பத்தி அவியளுக்கு என்ன தெரியும்? ஏழு மணிக்கு லைட் ஹவுஸ்ல வெளக்கு எரிஞ்சிட்டிருந்துன்னு ஒருத்தன் எழுதிட்டானாம். நான் விடல்ல. 'எக்கா, விடிஞ்சா அணைச்சிருவாவ, ஏழு மணிக்கு வெயிலு முதுகைச் சுடும், ஏது வெளக்கு?'ன்னு கேட்டேன். அவிய சிரிச்சாவ. 'பொறு ஏசுஅடிமை, அதை அப்படியே ஓர்மையில வெச்சிக்கோ'ன்னாவ. தப்பு சொன்னா ஒத்துக்கிடணும், சிரிச்சா ஆச்சா?"

எழுதிக்கொண்டிருந்த அய்யம்பெருமாளின் பேனா நின்றது. "யாரு எழுதினதா சொன்னா?"

"யாரோ எழுதுகவன். எனக்குப் பேரு ஓர்மையில்ல. பேரு சொன்னாவளான்னும் தெரியல்ல."

அஸ்வதியிடம் போனபோது அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், நான் பாதி நேரம் பாட்டு கேட்டுட்டிருப்பேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குத் தெரியும். இந்தப் புக்ல ரெண்டு நான் காலேஜ்ல வாசிச்சிருக்கேன். முத நாளே கண்டுபிடிச்சிட்டேன். ஆன்ட்டி என்னைப் பாத்து இப்படி..." உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "நானும் யார்கிட்டயும் சொல்லல்ல. புக்கைவிட இதுதான் நல்லா இருந்துச்சு."

"இந்தப் பத்தொன்பதாவது வாசிச்சியா?"

"இல்ல. ஆனா அந்த வெளக்கு விஷயம் எனக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு போலீஸ்காரர் வந்து நேரம் எழுதிட்டுப் போவாரு. அவரைப் பத்தி வேற ஒண்ணும் வராது."

வீட்டுக்கு வந்து மூன்று வாக்குமூலத்தையும் மேஜையில் பரப்பினார். நடுவில் புத்தகம். முதலில் டாக்டர் ஏன் இல்லை என்று பார்த்தார். அந்த மூன்று பக்கத்தை மறுபடி வாசித்தார். நம்பி நீட்டிய கை. நரம்பைத் தடவுகிற விரல். ஊசி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே காலையில் பார்த்த மூன்று கைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஊசி, பிளாஸ்திரி ஒட்டி. தாணம்மாளின் கையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்படிப் படுத்திருப்பவர்களிடம், டாக்டர் ஊசி போட்டுக் கொன்றார் என்று யாராவது கதை சொல்வார்களா? அதனால்தான் அவரை முதல் நாளிலேயே எடுத்துவிட்டிருக்கிறாள். ஒரு கொலைக் கதையிலிருந்து கொலைகாரனையே எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மூன்று வாரம் கதை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்தத் தைரியம் உண்டு.

ஆனால் டாக்டர் போனாலும் டாக்டர் செய்த வேலைகள் கதைக்கு வேண்டும். அவற்றை யாரிடம் கொடுத்தாள்? ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். பிரேதத்தின் பக்கத்தில் முதலில் வந்து நின்றது: புத்தகத்தில் டாக்டர். ஆயிஷாவின் வாக்குமூலத்தில், 'தகவல் வந்ததும் ஸ்டேஷனிலிருந்து ரைட்டர்தான் முதலில் போனார்.' செத்த நேரத்தைக் குறித்தது: புத்தகத்தில் டாக்டர். அஸ்வதி: 'ஒரு போலீஸ்காரர் நேரம் எழுதினார்.' எரியாத விளக்கு எரிந்ததாகச் சொன்னது: டாக்டர். ஏசுஅடிமை: 'எழுதுகவன்.'

மூன்று சாட்சியும் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் அவனுக்குப் பெயர் கேட்கவில்லை.

அய்யம்பெருமாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இவருடைய பெயரைத் துப்பறிகிறவனுக்குக் கொடுத்துவிட்டு, இவருடைய வேலையைக் கொலைகாரனுக்குக் கொடுத்திருக்கிறாள். கடைசி நாளில் இன்ஸ்பெக்டர் அய்யம்பெருமாள் போய் ஸ்டேஷன் ரைட்டரின் தோளில் கை வைப்பார். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டரில் ஏறி, இவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்திருப்பாள். கள்ளி. அவருக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு நாளும் வராத அழுகையும் கூடவே வந்தது. எது முதலில் நின்றது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை போனார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கார்சைடு செய்வதுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆயிஷாவின் தங்கையைப் பற்றி விசாரித்தார். பாறை, லுங்கி, தம்பியின் சண்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஏசுஅடிமை, நீரு அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீரு. ஏழு மணிக்கு ஏது வெளக்குன்னு. அந்த ரைட்டரு எரிஞ்சிட்டிருந்ததுன்னு எழுதி வெச்சிருக்கான். வெளக்கு எரியும்போ பாத்திருக்கான்னா, அவன் அங்க எப்போ நின்னிருக்கணும்?"

ஏசுஅடிமை தலையைத் தூக்கினார். "விடியதுக்கு முன்ன! அட, அவனா? அப்போ தப்பு அக்காவுக்கதில்ல, அவனுக்கதா!" ஊசி குத்திய கையை அவர் வீச, மெஷின் கூவியது. ஜெரிஷ் ஓடி வந்து திட்டினான். "கையை அனக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லுகது?"

"எதுக்குக் கொன்னான்?" ஆயிஷாவின் குரலில் இன்னும் சந்தேகம் இருந்தது.

"பத்து வருஷத்துக்கு முன்ன ஒரு சாவை, கடல்ல விழுந்து செத்ததா மாத்தி எழுதினான். வாட்ச்மேனுக்கு அது தெரியும்." இது புத்தகத்தில் டாக்டர் கொடுத்த பொய் சர்டிபிகேட். அதை ரைட்டருக்கு மாற்றிக் கொடுத்தது மட்டும் அய்யம்பெருமாளின் வேலை.

அவள் மெத்தையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ரைட்டர்! கூடவே இருந்த ஆளு. யாரும் சந்தேகப்படல்ல." பிறகு அவர் பக்கம் திரும்பி, "பாவம் சாரே, உங்களுக்கு அவனைப் பிடிக்கும்போ எப்படி இருந்திருக்கும்! எத்தனை வருஷம் உங்ககூட வேலை பாத்தான்?"

அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நான் இன்ஸ்பெக்டர் இல்ல. நானாக்கும் ரைட்டர்."

அஸ்வதி ஹெட்போனைக் கையில் பிடித்தபடி பார்த்தாள். முதலில் ஏசுஅடிமைதான் வெடித்தார். "அப்போ நீருதானா கொலைகாரன்! இம்புட்டு நேரம் இங்க இருந்து கதை சொல்லிட்டிருக்கீரு? ஜெரிஷே, கதவைப் பூட்டுலே!" அஸ்வதி சிரித்தாள். அய்யம்பெருமாளும் சிரித்தார். ஆயிஷா சிரிக்கவில்லை.

"அப்போ இன்ஸ்பெக்டர் யாரு?"

அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவளுடைய மறு கையில் வைத்தார். "இவரு. இங்கிலாந்துக்காரரு. தாணம்மா வாசிச்சு வாசிச்சு உங்களுக்குச் சொன்னா. நான் ஒரு கேஸும் பிடிச்சதில்ல."

ஆயிஷா அட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பாறை தெரிந்திருக்குமோ என்னவோ. அவள் ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் முகம் கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"எல்லாமே இவரா?"

"எல்லாமே."

"பூதப்பாண்டிக் கேஸ்ல பத்து நாளு சாட்சி சொல்ல வந்தவனுக்க நாயைக் கட்டி வெச்சுச் சோறு போட்டது?"

"அவருதான். எந்தப் புக்குன்னு தெரியாது."

"கோயில் குளத்துல இறங்கித் தானே முங்கிக் கத்தியை எடுத்தது?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

"சரி. ஒரு பெண்ணு, மாப்பிள்ளை வீட்டுல அவளைச் செய்யாத கொடுமையெல்லாம் செஞ்சு, ஸ்டேஷனுக்கு வந்து நாலு ஆம்பிளைகளுக்கு முன்ன வாயே திறக்காம நின்னா. அப்போ நாற்காலியைச் செவரைப் பாத்துத் திருப்பிப் போட்டு, அவ முகத்தைப் பாக்காம, முதுகைக் காட்டிட்டு இருந்தே ரெண்டு மணி நேரம் எழுதினாவளே, அது?"

அய்யம்பெருமாளுக்கு நினைவு வந்தது. இரணியல் ஸ்டேஷன். மழைக்காலம். அந்தச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு வெள்ளாட்டின் உருவம் மாதிரி இருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது ஒரே ஒரு தடவை தாணம்மாளிடம் சொல்லியிருந்தார். அவள் மோர் விட்டாள்.

"அது எந்தப் புக்கு?" என்றாள் ஆயிஷா.

"அது புக்குல இல்ல," என்றார். "அது நானாக்கும்."

ஆயிஷா தலையை ஆட்டினாள். புத்தகத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்காமல் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாலாம் தேதிக்கு இன்னும் அஞ்சு முறை இங்க வரணும் நான்," என்றாள். "நீங்க ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்துல போடுங்க. ஒவ்வொண்ணாக் கேக்கேன். எது அவரு, எது நீங்கன்னு பிரிச்சுச் சொல்லணும்."